மீராசாஹிபு காக்காவின் வள்ளத்தில் இருந்த பழுது

பாய் வள்ளம் ஒன்றைத் தெரிவு செய்யப் போகிறவர் வள்ளம் பார்க்க வந்தவர்போல முகத்தை வைத்துக்கொள்ளக் கூடாது. நிழலுக்கு ஒதுங்கினவர்போல வரவேண்டும். வந்து, வெற்றிலை போட்டு, மழையைப் பற்றி நாலு கதை கதைத்து, அதற்குப் பிறகுதான் வள்ளத்தைக் கவிழ்த்துப் போடச் சொல்லவேண்டும். கவிழ்த்ததும் பின்பக்கமாகப் போய்க் குந்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அடியில் முதுகெலும்புபோல ஓடும் ஏராக் கட்டையை நுனிவரை பார்க்கவேண்டும். ஏரா நேரென்றால் வள்ளமும் நேராக ஓடும். புதுப் பெயின்ற் பூசிய வள்ளமென்றால் இரண்டு கண்ணையும் திறந்து பார்க்கவேண்டும்; காரணமில்லாமல் யாரும் பெயின்ற் பூசுவதில்லை. உட்பக்கத்தில் மழைத்தண்ணீர் தேங்கும் மூலைகளைப் பேனாக்கத்தியால் குத்திப் பார்க்கவேண்டும். உப்புத் தண்ணீர் மரத்தை ஊறுகாய்போல வைத்திருக்கும். மரத்தைத் தின்பது வானத்தில் இருந்து வரும் நல்ல தண்ணீர்தான்.

இந்த அறிவுரைகளைத் தொண்ணூறாம், தொண்ணூற்றோராம் ஆண்டுகளில் மன்னாருக்குத் தெற்கே அரிப்பு என்ற ஊரின் கரையில் இலவசமாக வழங்கியவர் கொன்ஸ்ரன்ரைன். அறிவுரைகள் ஒவ்வொன்றும் சரியானவை. வழங்கியவர் தன் ஆயுளில் ஒரு நாளாவது பாய் விரித்துக் கடலுக்குப் போனவரல்லர் என்பது மட்டும் ஒரு சின்னக் குறை.

அவர் எஞ்சின்காரர். 'எஞ்சின் கொன்ஸ்ரன்ரைன்' என்று கேட்டால்தான் வங்காலை தொடக்கம் முள்ளிக்குளம் வரைக்கும் வழி காட்டுவார்கள். எழுபதுகளில் மன்னார் பட்டினத்துப் பட்டறை ஒன்றில் வேலை பழகி, ஸ்பனர் பெட்டி ஒன்றும் உலகத்தைப் பற்றிய திடமான கருத்துகள் பலவுமாக ஊர் திரும்பினார். கரையில் நாலு கப்பு நட்டு, ஓலை வேய்ந்து, குறுக்கு மரத்தில் எஞ்சின்களை வௌவால்கள்போலத் தொங்கவிட்டார். பாய் விரித்துப் போகிறவர்களைக் கண்டால் அவருக்கு இரக்கம் வரும்.

"காத்து வந்தாப் போவினம். வராட்டிச் செபம் சொல்லிக்கொண்டு இருப்பினம். உது ஒரு தொழிலே?" என்பார்.

எந்த எஞ்சினையும் அவர் திருத்துவார். எந்த எஞ்சினையும் சொன்ன நாளில் திருத்தமாட்டார். "நாளைக்கு வாங்கோ" என்பார். நாளைக்குப் போனால் மறுபடியும் நாளைக்கு. இது உலகத்துப் பட்டறைக்காரர் எல்லோருக்கும் பொதுவான குணம். இதனால் யாருக்கும் உயிராபத்து வந்ததாகத் தொண்ணூறாம் ஆண்டு வரைக்கும் தகவல் இல்லை.

அந்த ஆண்டு வைகாசியில் சொந்த வள்ளமும் வலையும் வைத்திருந்த பக்கத்து ஊர்ச் சம்மாட்டி மீராசாஹிபு தன் பாய் வள்ளத்தைக் கொண்டுவந்து பட்டறைக்கு முன்னால் ஏற்றினார். கற்பிட்டியில் கட்டுவித்த வள்ளம். இருபத்தாறு அடி. அந்தக் கரையில் அதை முந்தி ஓடிய பாய் வள்ளம் கிடையாது என்று மற்றச் சம்மாட்டிமார் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வேறெதிலும் ஒத்துப்போனதாகக் கேள்விப்படவில்லை. கரைக்கெல்லாம் அண்ணன் முறையில் 'காக்கா'வான மீராசாஹிபுவுக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. கை வலிக்கிறது, எஞ்சின் பூட்டித் தா என்றார். கொன்ஸ்ரன்ரைன் மகிழ்ச்சி தாங்காமல் அன்று காலையிலேயே பின்பலகையைக் கழற்றி எறிந்தார். மிச்ச வேலையை நாளைக்கு என்று வைத்தார்.

ஆனியில் இராணுவத்துக்கும் இயக்கத்துக்கும் சண்டை மறுபடி தொடங்கியது. எஞ்சின் வரவேண்டிய பாதை மூடிக்கொண்டது. மண்ணெண்ணெய் மருந்துபோலச் சின்னப் போத்தல்களில் வந்தது. வள்ளம் பின்பக்கம் திறந்தபடி கிடந்தது. மீராசாஹிபு கிழமைக்கு ஒரு தரம் வருவார்.

"எஞ்சின் வேணாம், கொன்சு. பலகையைத் திரும்பப் பூட்டித் தா. நான் பழையபடி பாயிலயே போறன்."

"அதுக்கென்ன காக்கா, ரெண்டு நாள் வேலை. நாளைக்குத் துவங்குறன்."

இப்படி ஐந்து மாதம் போனது. ஐப்பசிக் கடைசியில் ஒலிபெருக்கி கட்டிய இயக்கத்து வாகனம் ஒன்று ஊர் ஊராக வந்தது. முஸ்லிம் ஆக்கள் எல்லோரும் வெளியேற வேண்டும் என்று சொல்லிக்கொண்டு போனது. காரணம் சொல்லவில்லை. துவக்கு வைத்திருப்பவர்கள் காரணம் சொல்வது அந்த நாட்களில் வழக்கமில்லை. எந்தத் தரப்பிடமும் இல்லை.

மீராசாஹிபு பட்டறைக்கு வந்தார். பின்னால் அவர் மனைவி நசீறா, கையில் பன்புல்லில் பின்னிய பை ஒன்று. அவளுக்குப் பின்னால் மகள் றம்லா, நிறைமாதம். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"கொன்சு, வள்ளம் இறங்குமா?"

கொன்ஸ்ரன்ரைன் வள்ளத்தின் பின்பக்கத்தைப் பார்த்தார். அதற்குள்ளால் கடல் தெரிந்தது.

"ரெண்டு நாள் தாங்கோ காக்கா."

"நாளைக்குக் காலமை எல்லைக்கு அங்கால நிக்கோணுமாம்."

'நாளைக்கு' என்ற தன் சொல்லை அவர் மற்றவர் வாயில் இருந்து கேட்டார். "இருங்கோ, நான் இப்பவே..." என்று சுத்தியலைத் தேடினார்.

"விடு," என்றார் மீராசாஹிபு. "நாங்க தெக்கால மறிச்சுக்கட்டி ஊர்ப் பக்கத்தால நடந்து போறம். வள்ளம் உன்னட்ட நிக்கட்டும். நான் வந்து எடுப்பன். ஆருக்கும் குடுத்திராதை. ஆருக்கும்."

றம்லா வள்ளத்தை ஒரு தரம் பார்த்தாள். பிறகு நடந்தாள்.

கொன்ஸ்ரன்ரைன் அன்றைக்கே பின்பலகை வேலையைத் தொடங்கினார். இரண்டு நாளில் முடிந்தது. அவர் வாழ்க்கையில் சொன்ன நாளில் முடித்த ஒரே வேலை அதுதான். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது.

தைமாதம் ஒரு கன்னியாஸ்திரியின் கையில் கடிதம் வந்தது. மீராசாஹிபு புத்தளத்தில் ஓர் அகதி முகாமில் இருந்து எழுதியிருந்தார். எல்லோரும் சுகம். கிடுகுக் கொட்டிலில் இருக்கிறோம். றம்லாவுக்கு மறிச்சுக்கட்டி தாண்டிக் காட்டுக்குள்ளேயே பிள்ளை கிடைத்தது. ஆம்பிளைப் பிள்ளை. மூன்று நாள் இருந்தது. பலகை பூட்டியாகிவிட்டதா? மழைக்குக் கவிழ்த்து வை.

குறை சொல்லி ஒரு வரி இல்லை. கொன்ஸ்ரன்ரைன் கடிதத்தை எத்தனை தரம் வாசித்தும் அப்படியொரு வரி கிடைக்கவில்லை. இருந்திருந்தால் பதில் எழுதியிருப்பார்.

இதற்கிடையில் கரை முழுவதும் பாய்க்குத் திரும்பியிருந்தது. பைபர் வள்ளங்கள் எஞ்சின் இல்லாமல் குழந்தைகள் குளிக்கும் தொட்டிகளாயின. அதில் பாய் கட்டிப் பார்த்தவர்கள் பக்கவாட்டில் போனார்கள். மர வள்ளத்துக்கு மவுசு வந்தது. மா மூட்டைச் சாக்கு, நிவாரணக் கூடாரத் துணி எல்லாம் பாயாயின. நாற்பது வயதுக்குக் கீழ்ப்பட்ட ஒருவருக்கும் பாய் ஓட்டத் தெரியாது. தெரிந்த வயதானவர்களுக்குக் கேள்வி கேட்டால் கோபம் வரும். வேலையில்லாமல், கோபமில்லாமல், கருத்துகளோடு கரையில் இருந்தவர் கொன்ஸ்ரன்ரைன் ஒருவர்தான். இருபது வருடம் எஞ்சினுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து வள்ளங்களைப் பார்த்த கண் அவருக்கு. எது எப்போது கவிழ்ந்தது, ஏன் கவிழ்ந்தது என்பதெல்லாம் பட்டறை நிழலில் இருந்து பார்த்து வைத்திருந்தார்.

"போகேக்கை காத்துக்கு எதிராப் போ. திரும்பேக்கை உனக்குக் களைப்பு, காத்து தள்ளிக்கொண்டு வரும்," என்பார். "தூரத்தில தண்ணி கறுத்தால் அது காத்து வாற இடம். அது வந்து சேர முதல் பாயைச் சுருக்கு." பாயின் கீழ்மூலையை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிற்றைப் பற்றி அவருக்குத் தனிப் பிரசங்கமே இருந்தது. "தாமானைக் கையில பிடி. களைக்குது எண்டு கட்டினியோ, அண்டைக்கு மனிசி வெள்ளைச் சீலை எடுக்கோணும்."

சனம் கேட்டது. கேட்டவர்கள் பலர் உயிரோடு திரும்பினார்கள். புகழ் ஏறியது.

அந்தப் புகழ்தான் வினையாயிற்று. போனவர்கள் விட்டுவிட்டுப் போன வள்ளங்கள் கரையில் பதினொன்று கிடந்தன. அவற்றை இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களுக்குக் கொடுப்பதற்கென்று 'கைவிடப்பட்ட வள்ளங்கள் பங்கீட்டுக் குழு' ஒன்று அமைந்தது. கைவிட்டது யார் என்ற கேள்வியைக் குழு தன் விடயப் பரப்புக்குள் எடுக்கவில்லை. தலைவர் யேசுதாசன், ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். நீந்தத் தெரியாது. ஆனால் பட்டியல் எழுதுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அவருக்கு மேலே இயக்கப் பொறுப்பாளர் ஒருவர் இருந்தார். அவர் பட்டியலை வாசிப்பார். எந்த ஊரில் யாருடைய ஆட்சி என்று காலையில் கேட்டால் ஒரு பதிலும் மாலையில் இன்னொரு பதிலும் கிடைத்த காலம். பட்டியல்கள் மட்டும் எல்லா ஆட்சியிலும் செல்லுபடியாயின.

வள்ளங்களைப் பார்த்து, 'கடலுக்கு உகந்தது' அல்லது 'பழுது' என்று சொல்லும் ஆலோசகராகக் கொன்ஸ்ரன்ரைன் நியமிக்கப்பட்டார்.

உகந்தது என்றால் பட்டியலில் ஏறும். ஏறினால் இன்னொருவர் பெயர் பக்கத்தில் வரும். வந்த பெயர் பிறகு இறங்காது. பழுது என்றால் கிடந்த இடத்திலேயே கிடக்கும். கொன்ஸ்ரன்ரைன் இதை நன்றாக யோசித்தார். பதினொன்றும் பழுது என்றால் பழுது வள்ளத்தில் இல்லை, ஆலோசகரில் என்று யேசுதாசன்கூடக் கண்டுபிடித்துவிடுவார். பொய்யை அளந்துதான் பாவிக்க வேண்டும். பத்து வள்ளத்துக்கு உண்மை சொல்லி, ஒன்றுக்குப் பொய் சொல்வது என்று தீர்மானித்தார். அந்தப் பத்துக்கும் திரும்பி வரக்கூடிய சொந்தக்காரர் இருந்தார்கள் என்பதை அவர் மறக்கவில்லை. மறக்காமல்தான் கையெழுத்து வைத்தார்.

பொய்க்குச் சாட்சி வேண்டும். வள்ளங்களை ஓட்டிப் பார்க்கும் பரீட்சைக்கு முதல் நாள் மீராசாஹிபுவின் வள்ளத்துக்குள் இறங்கினார். பாய்மரத்தின் அடிக்கட்டை வந்து நிற்கும் குழிக்குள், மரத்துக்குப் பின்னால், முதிரை மரத்து ஆப்பு ஒன்றை அடித்தார். மரத்தின் அடி முன்னால் நகர, தலை பின்னால் சாய்ந்தது. கீழே பாரத்துக்குப் போடும் கற்களை எல்லாம் அள்ளி முன்பக்கத்தில், ஆப்புக்கு மேலேயே குவித்தார். தலை பின்னால் சாய்ந்து, மூக்கு கீழே அமிழ்ந்த வள்ளம் காற்றைக் கண்டால் அதன் பக்கமாகவே திரும்பும். எவர் சுக்கான் பிடித்தாலும் திரும்பும். பாய் ஓட்டத் தெரியாத ஒரு மனிதர் பாய் வள்ளத்துக்குச் செய்யக்கூடிய அதியுயர்ந்த சாதனை இது.

யேசுதாசன் கரையில் கதிரை போட்டு அமர்ந்தார். இரண்டு பேர் வள்ளத்தை ஓட்டினார்கள். அது பத்துப் பாகத் தூரம் ஓடி மூக்கைத் திருப்பியது. நேராக்கினார்கள். திரும்பியது. மூன்றாம் தரமும் திரும்பிப் பாய் படபடவென்று அடித்தது.

"பொம்பிளை பாக்கப் போனவன் சீதனம் கேக்க மறந்திட்டுத் திரும்பி வாற மாதிரி வருது," என்றான் ஒருவன். கரை சிரித்தது.

"ஏரா முறுகிப் போச்சு," என்றார் கொன்ஸ்ரன்ரைன், துக்கமாக. "பட்டறையில கவிண்டு கிடந்து முறுகினது. இனி ஒண்டும் செய்யேலாது."

ஏரா முறுகியிருக்கிறதா என்று யாரும் குந்திப் பார்க்கவில்லை. பார்க்கத் தெரிந்தவர் பார்த்துவிட்டாரே. யேசுதாசன் 'பழுது' என்று எழுதினார்.

பங்குனியில் பக்கத்தில் பெரிய சண்டை. அதோடு முள்ளிக்குளத்தில் இருந்து கொன்ஸ்ரன்ரைனின் மனைவி றோசம்மாவின் தம்பி அந்தோனிமுத்து குடும்பத்தோடு வந்து சேர்ந்தான். மனைவி செலீனா, இரண்டு பெண் பிள்ளைகள், ஒரு வலை, மாதாவின் சுருவச் சிலை ஒன்று. சொந்த வள்ளத்தை அங்கேயே மணலில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். குழு அவனுக்கு ஒரு வள்ளம் தருவதாகச் சொன்னது. அவன் கரையைச் சுற்றிப் பார்த்துவிட்டு நேராக அத்தானிடம் வந்தான்.

"அத்தான், எனக்கு மீராசாஹிபு காக்காட வள்ளம்தான் வேணும்."

"அது பழுது."

"போன வருசம் காக்கா அதை ஓட்டினதைப் பாத்தனான். சுவரில கோடு கீறின மாதிரிப் போச்சுது."

"போன வருசம் நீயும் கொழுத்துத்தான் இருந்தனீ. இப்ப உன்னைப் பார். எல்லாம் பழுதாகும்."

அந்தோனிமுத்து சிரித்தான். செலீனா சிரிக்கவில்லை. அவள் கடற்கரை வீட்டில் பிறந்தவள், தகப்பனோடு பாய் வள்ளத்தில் போய் வந்தவள்.

"அண்ணை," என்றாள், "நாங்கள் ஊருக்குப் புதுசு. எங்களுக்கு ஆர் உண்மை சொல்லப்போகினம்? உங்களைத்தான் நம்பிறம். அது உண்மையாப் பழுதோ?"

கொன்ஸ்ரன்ரைனுக்கு அந்த இடத்தில் மூன்று வழி இருந்தது. மூன்றையும் அவர் பிற்காலத்தில் விரல் மடித்து எண்ணியிருக்கிறார். ஆப்பைப் பற்றிச் சொல்லி இருக்கலாம். அந்த வள்ளத்தை மச்சானுக்கே தற்காலிகமாகக் கொடுத்திருக்கலாம். ஆனால் அது ஓடுகிற ஓட்டத்தைக் கரை ஒரு நாள் கண்டால், அடுத்த நாள் பொறுப்பாளர் காண்பார், அதற்கு அடுத்த நாள் அது யாருடையதும் அல்ல. மூன்றாவது வழி சுலபமானது.

"ஓம் தங்கச்சி. பழுதுதான்."

அந்தோனிமுத்துவுக்கு அபூசாலி என்பவர் விட்டுப்போன வள்ளம் கிடைத்தது. பத்தில் அதுதான் திறம். ஒரே ஒரு குறை. பாய்மரம் நிற்கும் குழிக்குப் பக்கத்தில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. பேனாக்கத்தி அரை அங்குலம் இறங்கியது. கொன்ஸ்ரன்ரைன் ஒரு பழைய எஞ்சின் மூடியில் இருந்து தகடு வெட்டி, நாலு பக்கமும் ஆணி அடித்து இறுக்கினார். 'சிறு திருத்தத்துடன் உகந்தது' என்று எழுதினார்.

"சோழகக் காத்துத் துவங்கினா முழுப் பாய் விரிக்காதை, மச்சான்," என்று மூன்று தரம் சொன்னார். "அரைப் பாய். விளங்குதோ?"

"விளங்குது, விளங்குது. பிரசங்கம் முடிஞ்சா ஆசீர்வாதமும் தாங்கோ."

வைகாசி முழுவதும் அவன் அரைப் பாயில்தான் போனான். அரைப் பாயில் போகிறவன் கடைசியாகக் கரைக்கு வருவான். கடைசியாக வருகிறவன் மீனை யார் வாங்குவார்? ஆனி மாதம் ஒரு வியாழக்கிழமை காலையில் அவன் முழுப் பாய் விரித்துப் போனதைப் பட்டறை நிழலில் இருந்து கொன்ஸ்ரன்ரைன் பார்த்தார். கூப்பிட்டார். காற்றுக்கு எதிராகக் கூப்பிட்டால் கேட்காது.

பத்து மணிக்குச் சோழகம் ஏறியது. தென்மேற்கில் தண்ணீர் கறுத்தது. ஒவ்வொரு வள்ளமாக வந்து ஏறியது. மத்தியானம் ஒரு மணிக்கு எல்லாம் வந்துவிட்டன, ஒன்றைத் தவிர. செலீனாவும் றோசம்மாவும் தண்ணீரின் ஓரத்தில் நின்றார்கள்.

நாலு மணிக்குப் பிறகு கடலில் இருக்கத் தடை; தலை தெரிந்தால் அது மீனா மனிதனா என்று விசாரித்துச் சுடும் வழக்கம் கடற்படையிடம் இல்லை. மூன்று மணித்தியாலத்துக்குள் வடக்கே போய்த் தேடி, எதிர்க்காற்றில் திரும்பி வரவேண்டும். கரையில் கிடந்த எந்த வள்ளமும் அந்த வேகம் ஓடாது. ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"மீராசாஹிபு காக்காட வள்ளம் ஒழுங்கா இருந்தா, தேடிப் போட்டு வந்திரலாம்," என்றார் ஒரு கிழவர். "என்ன செய்யிறது? அதுதான் பழுதாப் போச்சே."

கொன்ஸ்ரன்ரைன் எழும்பினார். சுத்தியலை எடுத்தார்.

"நான் போறன்," என்றார்.

"ஆர்? நீயோ? உனக்குப் பாயின்ர மேலும் தெரியாது, கீழும் தெரியாது. அதில ஏறினா உனக்கும் சேத்துப் பூசை வைக்கோணும்," என்றார் கிழவர். ஒருவரும் கூட வர முன்வரவில்லை. பழுதான வள்ளம். அதைச் சொன்னவரே அவர்தானே.

"நான் வாறன்," என்றாள் செலீனா. சீலையை இழுத்துச் செருகினாள். "தாமானை நான் பிடிக்கிறன். நீங்கள் சுக்கானைப் பிடியுங்கோ, அண்ணை."

வள்ளம் பட்டறைக்குப் பின்னால் தனியாகக் கிடந்தது. இரண்டு பேரும் அதற்குள் ஏறினார்கள். கொன்ஸ்ரன்ரைன் முன்பக்கத்துக் கற்களைத் தூக்கி நடுவில் போடத் தொடங்கினார். செலீனாவும் தூக்கினாள். கடைசிக் கல்லை எடுத்ததும் குழி தெரிந்தது, அதற்குள் ஆப்பு தெரிந்தது. அவர் சுத்தியலால் கீழிருந்து நாலு அடி அடித்தார். ஆப்பு கழன்று விழுந்தது. பாய்மரம் ஒரு சத்தத்தோடு நிமிர்ந்தது.

செலீனா ஆப்பைக் கையில் எடுத்துப் பார்த்தாள். உள்ளங்கை அகலம்.

"இதுதானோ பழுது?"

"ஓம்," என்றார்.

அவள் அதைக் கீழே வைத்தாள். எறியவில்லை. வள்ளத்தின் மூலையில் வைத்தாள். பிறகு கரையைப் பார்த்துக் கத்தினாள்: "வந்து தள்ளி விடுங்கோவன்! பாத்துக்கொண்டு நிக்கிறியள்!"

ஆண்கள் வந்து தள்ளினார்கள். பாய் விரிந்தது. இருபத்தாறு அடி வள்ளம் ஒரு தரமும் தலையைத் திருப்பாமல் வடக்கே பாய்ந்தது. கரையில் நின்றவர்கள் சிலுவை அடையாளம் போட்டார்கள். புனித அந்தோனியார் சுக்கான் பிடிக்கிறார் என்றார்கள். முறுகிய ஏராவை வேறு யார் நிமிர்த்த முடியும்? எஞ்சின்காரர் ஒருவரும் பெண்ணொருத்தியும் பழுதான வள்ளத்தில் நேராகப் போகிறார்கள் என்றால் அதற்கு விண்ணுலகத்தில்தான் விளக்கம் தேடவேண்டும். குனிந்து பார்ப்பதைவிட அண்ணாந்து பார்ப்பது சுலபம்.

அபூசாலியின் வள்ளத்தை வங்காலைக்கு இந்தப் பக்கம் கண்டார்கள். தண்ணீர் நிரம்பிப் பக்கவாட்டில் கிடந்தது. பாய்மரம் அடியோடு பிடுங்கிக்கொண்டு போயிருந்தது. தகடு அப்படியே இருந்தது, நாலு ஆணியும் அசையவில்லை. தகட்டுக்குக் கீழே இருந்த மரம்தான் இல்லை. அந்தோனிமுத்துவும் இல்லை. இரண்டு தரம் சுற்றிப் பார்த்தார்கள். செலீனா பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பிறகு கூப்பிடவில்லை.

திரும்பும்போது எதிர்க்காற்று. வள்ளம் ஒரு பக்கம் சாய்ந்து, பிறகு மறுபக்கம் சாய்ந்து, காற்றை வெட்டி வெட்டி ஏறியது. அவள் தாமானைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்துப் பிடித்திருந்தாள். கை அறுந்து இரத்தம் வந்தது. கட்டவில்லை.

கொன்ஸ்ரன்ரைன் சொன்னார். ஐந்து மாதம் நாளைக்கு என்று சொன்னதை, பின்பலகை திறந்து கிடந்ததை, றம்லா நடந்து போனதை, காட்டுக்குள் பிறந்த பிள்ளையைச் சொன்னார். மன்னிப்புக் கேட்கவில்லை. அவள் பாயைப் பார்த்தபடி இருந்தாள். அதை மறுபக்கம் மாற்றிவிட்டுக் கேட்டாள்.

"முள்ளிக்குளத்தில எங்கட வள்ளத்தை இப்ப ஆர் ஓட்டுகினம்?"

அவர் சுக்கானைத் திருப்பினார்.

"ஆரோ ஓட்டுவினம்," என்றாள் அவளே. "அதுக்கும் ஆரோ கையெழுத்து வைச்சிருப்பினம்."

நாலு மணிக்குச் சற்று முன் கரை ஏறினார்கள். அந்தோனிமுத்துவின் உடல் சனிக்கிழமை ஒதுங்கியது. ஞாயிற்றுக்கிழமை அடக்கம்.

திங்கட்கிழமை யேசுதாசன் பட்டியலோடும் பொறுப்பாளரோடும் பட்டறைக்கு வந்தார். அந்தோனியாரின் அற்புதம் ஊர் தாண்டிப் போயிருந்தது. அற்புதங்களில் பொறுப்பாளருக்கு நம்பிக்கையில்லை. நன்றாக ஓடுகிற வள்ளங்களில் நம்பிக்கை இருந்தது. வள்ளம் பழுதா, உகந்ததா? பழுதென்றால் எப்படி ஓடியது? உகந்ததென்றால் ஏன் பழுதென்று எழுதப்பட்டது? இரண்டாவது கேள்வியை அவர் மெல்லிய குரலில் கேட்டார். அந்தக் குரலுக்குக் கரையில் எல்லோரும் பயம்.

கொன்ஸ்ரன்ரைன் வாயைத் திறந்தார்.

"உங்களைக் கேக்கேல்லை," என்றார் பொறுப்பாளர். "அதில போன அக்காவைக் கூப்பிடுங்கோ."

செலீனா வந்தாள். வெள்ளைச் சீலை. கயிறு அறுத்த கையில் துணிக் கட்டு. கரையில் இருந்த அத்தனை பேரும் வேலையை விட்டுவிட்டு நின்றார்கள். றோசம்மா பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யேசுதாசன் பேனாவைத் திறந்தார்.

"பிள்ளை, நீர்தான் சொல்லோணும். விதவைக்குத்தான் முதல் உரிமை எண்டு குழு முடிவெடுத்திருக்கு. வள்ளம் உகந்ததெண்டா உம்மட பேரிலயே எழுதுறன். எப்பிடி ஓடிச்சுது?"

அவள் கொன்ஸ்ரன்ரைனைப் பார்த்தாள். அவர் தலையை நிமிர்த்தவில்லை.

"பழுதுதான்," என்றாள். "ஒரு பக்கமா இழுத்துக்கொண்டே இருந்தது. அண்டைக்கு ஏதோ தப்பி வந்தனாங்கள். என்ர மனிசனும் இவர் சொன்னதை நம்பித்தான் மற்ற வள்ளத்தை எடுத்தவர்."

பொறுப்பாளர் அவள் கையில் இருந்த துணிக்கட்டைப் பார்த்தார், வள்ளத்தைப் பார்த்தார், பிறகு யேசுதாசனுக்குத் தலையசைத்தார். யேசுதாசன் 'பழுது' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 'மீள உறுதிப்படுத்தப்பட்டது' என்று எழுதிக் கீழே கோடு போட்டார். எழுத இடம் போதாமல் கடைசி இரண்டு எழுத்து ஓரத்துக்கு ஏறியது.

செலீனா பிள்ளைகள் இரண்டையும் றோசம்மாவின் கையில் இருந்து வாங்கிக்கொண்டு இடம்பெயர்ந்தவர்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடப் பக்கமாக நடந்தாள். கொன்ஸ்ரன்ரைன் இரண்டடி பின்னால் போனார்.

"தங்கச்சி..."

"வராதையுங்கோ, அண்ணை," என்றாள் திரும்பாமல்.